31 டிகிரி அறைக்கு ஒரு கூலர்

கம்ப்யூட்டர் கூலர்களைச் சோதித்து மதிப்பெண் போடுகிறவர்கள் பெரும்பாலும் 20 முதல் 23 டிகிரிக்குள் இருக்கும் அறையில் உட்கார்ந்து சோதிக்கிறார்கள். அந்த அறை ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ இருக்கும். மலேசியாவின் கம்போங் மேடானில் மேற்குப் பார்த்த ஒரு மாடி வீட்டு அறையில், மாலை நாலு மணிக்கு, 31 டிகிரி என்பது சாதாரணம். இரவு பதினொன்றானாலும் சுவர் சுட்டுக்கொண்டிருக்கும். இந்த ஒன்பது பத்து டிகிரியைக் கணக்கில் சேர்க்காத பரிந்துரை எதுவாக இருந்தாலும் நமக்குப் பாதிதான் பயன்படும். எந்தக் கூலர் நல்லது என்ற கேள்வியை இங்கிருந்து மறுபடியும் கேட்க வேண்டியிருக்கிறது.

காற்றால் குளிர்விக்கும் எந்தக் கருவியும் அறையின் வெப்பத்துக்குக் கீழே இறங்க முடியாது. அறைக்கு மேலே எத்தனை டிகிரியில் ப்ராசசரைப் பிடித்து நிறுத்துகிறது என்பதுதான் அதன் திறமை. 22 டிகிரி அறையில் 67 காட்டும் கூலர், அதே வேலைக்கு, அதே ஃபேன் வேகத்தில், 31 டிகிரி அறையில் 76 காட்டும். 76 ஆபத்தான எண் இல்லை. ரைசன் 5 5600 தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் வரம்பு 90 டிகிரி. இன்டெல் கோர் ஐ5-12400க்கு 100. ஆனால் மதர்போர்டுக்கு அறை வெப்பம் பற்றி எதுவும் தெரியாது. ப்ராசசரின் வெப்பத்தை மட்டும் பார்த்து அது ஃபேனை முடுக்கும். அங்கே நிமிடத்துக்கு 1000 சுற்றில் அமைதியாக ஓடிய ஃபேன் இங்கே 1400ஐ நோக்கி ஏறும். ஃபேன் வேகத்துக்கும் ஒலிக்கும் உள்ள பொது விதிப்படி அந்த ஏற்றத்துக்கு ஏறத்தாழ 7 டெசிபல் கூடுதல் சத்தம். 10 டெசிபல் கூடினால் காதுக்கு இரண்டு மடங்கு என்று படும். அதாவது, “கேட்கவே கேட்காது” என்று ஒருவர் மனதார எழுதிய கூலர், பொய்யே சொல்லாமல், நம் வீட்டில் இரையும்.

தாங்கும் அளவும் சுருங்கிவிடுகிறது. 90 டிகிரி வரம்பு உள்ள ப்ராசசருக்கு 22 டிகிரி அறையில் 68 டிகிரி இடைவெளி, நமக்கு 59தான். ஒரே வேகத்தில் 100 வாட்டை வெளியேற்றும் கூலர் இங்கே 87 வாட்டோடு நின்றுவிடும். கூலர் பெட்டியில் போட்டிருக்கும் வாட் எண்ணை நான் பொருட்படுத்தாததற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம், அந்த எண்ணுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் கிடையாது. டீப்கூல் தன் ஏகே400க்கு 220 வாட் என்கிறது. நொக்டுவா தன் பெரிய கூலர்களுக்குக்கூட வாட் கணக்கு தர மறுத்து, சொந்தமாக ஒரு மதிப்பெண் முறை வைத்திருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வழியில்லை.

இந்தக் கணக்கெல்லாம் யாருக்காக என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய கம்போங் மேடானை வெளியூர்க்காரர்கள் 2001 மார்ச் கலவரத்தோடு மட்டும் சேர்த்து நினைவு வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. கம்பத்துப் பலகை வீடுகளிலிருந்து அடுக்குமாடிகளுக்கு ஏறிய குடும்பங்களின் பிள்ளைகள் இன்று அங்கே கல்யாண வீடியோ வெட்டுகிறார்கள், சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறார்கள், இணையத்தில் டியூஷன் எடுக்கிறார்கள். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது அவசரமாக வாங்கிய மேசைக் கம்ப்யூட்டர்கள் இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன, அன்று கூடவே வந்த அதே சின்னக் கூலரோடு. மலிவு விலை வீடு என்றால் 650 சதுர அடியைச் சுற்றி இருக்கும். அதில் வேலை செய்யும் அறை, தூங்கும் அறை என்று தனித்தனியாக எங்கே பிரிப்பது? என் அக்கா மகன் வீட்டில் எடிட்டிங் மேசையிலிருந்து இரண்டு எட்டில் ஸ்பிரிங்கில் தொங்குகிறது துணித்தொட்டில். பகலெல்லாம் படம் எடுத்துவிட்டு இரவில்தான் அவன் வீடியோ வெட்டுகிறான். அமைதியான கூலர் அவனுக்கு ஆடம்பரமே இல்லை; தொழில் நடக்க அது வேண்டும்.

இந்த வீட்டில் அமைதி என்றால் என்ன என்பதையும் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். ஒலியே இல்லாத அறை இங்கே கிடையாது. மேலே காத்தாடி சுற்றும். ஜன்னல் கண்ணாடிப் பட்டைகள் திறந்திருக்கும். பந்தாய் பாரு விரைவுச்சாலையில் மோட்டார் சைக்கிள்கள் இரவு முழுக்கப் போகும். ஆகவே 19 டெசிபலா 22 டெசிபலா என்று விவரப் பட்டியலைப் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்வது வீண். காத்தாடியின் காற்றோசை அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். அது விழுங்காத சத்தங்கள் இரண்டு. ஒன்று, சின்ன ஃபேன் வேகமாகச் சுற்றும்போது எழும் மெல்லிய கீச்சு. மற்றது, ஏறி இறங்கும் சத்தம். உலாவியில் ஒரு பக்கம் திறந்தால் ரைசன் ப்ராசசர் ஒரு நொடியில் பத்துப் பதினைந்து டிகிரி தாவும், உடனே இறங்கும். ஃபேனும் அதோடு சேர்ந்து உறுமும், அடங்கும், மறுபடி உறுமும். சீரான சத்தத்தில் பிள்ளை தூங்கும். மாறிக்கொண்டே இருக்கும் சத்தத்தில் எழுந்துவிடும். ஆகவே நான் வைக்கும் உரைகல் இது: 31 டிகிரி அறையில், முழு வேலையின்போது, ஃபேனை 1000 சுற்றுக்குக் கீழேயே நிலையாக வைத்துக்கொண்டு ப்ராசசரை 80 டிகிரிக்குள் நிறுத்த வேண்டும். விலை, கேசிங்கின் உயரம், தூசி மூன்றும் அதற்கு அடுத்தபடி.

ப்ராசசரோடு கூடவே வரும் கூலர்கள் முதல் சுற்றிலேயே வெளியே போகின்றன. ஏஎம்டியின் ரெய்த் ஸ்டெல்த் என்பது ஓர் அலுமினியக் கட்டியும் அதன் தலையில் ஒரு ஃபேனும்தான். ஹீட் பைப் எதுவும் இல்லை. ரைசன் 5 5600இன் மேல் 65 வாட் என்று எழுதியிருந்தாலும் முழு வேலையில் அது 76 வாட் வரை இழுக்கும். அந்தக் குட்டைக் கட்டி 76 வாட்டை 31 டிகிரிக் காற்றில் விட வேண்டுமானால் ஃபேன் 2000 சுற்றைத் தாண்டியே ஆக வேண்டும். இன்டெல் பக்கம் கதை இன்னும் கடுமை. ஐ5-12400க்கும் 65 வாட் என்றுதான் பெயர். டர்போவில் 117 வாட் வரை போகும். அதன் கூலர் நான்கு பிளாஸ்டிக் முளைகளால் மதர்போர்டைப் பிடித்துக்கொள்கிறது. பல வருட வெப்பத்தில் அந்த முளைகள் தளர்ந்து, ஒன்று கழன்றாலும் கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். கம்ப்யூட்டர் “திடீரென்று இரைய ஆரம்பித்துவிட்டது” என்று யாராவது சொன்னால் நான் முதலில் தொட்டுப் பார்ப்பது அந்த நான்கு முளைகளைத்தான். இந்தக் கூலர்கள் ப்ராசசரை எரியவிடாது, அதை ஒப்புக்கொள்கிறேன். பகலில் மட்டும் தட்டச்சு செய்பவருக்கு வேறு வாங்கவே தேவையில்லை. இரவு வேலைக்கு ஆகாது.

அடுத்த படி, ஒற்றைக் கோபுரக் கூலர். இங்கேதான் ஹீட் பைப் வருகிறது. இருபுறமும் மூடிய செம்புக் குழாய், உள்ளே காற்றை எடுத்துவிட்டுக் கொஞ்சம் தண்ணீர், உட்சுவரில் நுண்துளைப் படலம். ப்ராசசரின் மேல் உட்காரும் முனையில் தண்ணீர் ஆவியாகி மறுமுனைக்கு ஓடும். அங்கே தகடுகளுக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரவமாகி, படலத்தின் வழியே தானாகத் திரும்பி வரும். பம்பு இல்லை, மின்சாரம் இல்லை, தேயும் பகுதி இல்லை. 1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் இதைச் செயல்படுத்திக் காட்டினார், விண்கலங்களில் பயன்பட்டது. நாற்பது ஆண்டுகளில் நம் மேசைக்கடியில் வந்துவிட்டது. கூலர் மாஸ்டரின் ஹைப்பர் 212 குடும்பம் இந்த வகையைச் சாதாரண வாங்குபவர் கைக்கு எட்டச் செய்தது. 2011இல் வந்த அதன் ஈவோ பதிப்பை கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் கேட்காத கடை இருந்திருக்காது. இப்போது அந்த இடத்தில் டீப்கூல் ஏகே400, ஆர்க்டிக் ஃப்ரீசர் 36, தெர்மல்ரைட் அசாசின் எக்ஸ் 120 எஸ்இ ஆகியவை இருக்கின்றன. எல்லாமே நான்கு குழாய், 120 மில்லிமீட்டர் ஃபேன். ஃப்ரீசர் 36க்கு மட்டும் இரண்டு ஃபேன். இவற்றில் எது உசத்தி என்று நுணுகிப் பார்ப்பதில் எனக்கு ஆர்வமில்லை. வித்தியாசம் சில டிகிரிதான். எது அன்றைக்கு விலை குறைவோ அதை வாங்கலாம். 76 வாட் ப்ராசசரை இவை நம் அறையிலும் சமாளிக்கும். ஆனால் முழு வேலை அரை மணி நேரம் தொடர்ந்தால் ஃபேன் 1000 சுற்றுக்குள் அடங்குவது சந்தேகம். 1200, 1300க்குப் போகும். பள்ளிப் பிள்ளைக்கும் அலுவலக வேலைக்கும் தாராளம். வீடியோ வெட்டுபவனுக்கு எல்லைக்கோடு.

இரட்டைக் கோபுரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் அக்கா மகன் மடக்கினான். “ரெண்டு ஃபேன் போட்டா சத்தமும் ரெண்டு மடங்கு ஆவாதா மாமா?” நியாயமான கேள்விதான், கடைகளில் யாரும் பதில் சொல்வதில்லை. ஒரே மாதிரி இரண்டு ஒலிகள் சேர்ந்தால் 3 டெசிபல் கூடும், அவ்வளவுதான். காது அதை இரு மடங்காக எடுத்துக்கொள்ளாது. இரட்டைக் கோபுரத்தில் தகடுகளின் பரப்பு பெரிது, குழாய்கள் அதிகம். அதனால் ஒரே வெப்பத்தை மெதுவான காற்றிலேயே விட்டுவிட முடிகிறது. ஒற்றைக் கோபுரத்தில் 1300 சுற்றுக்குப் போயிருக்கும் வேலையை இதில் 900 சுற்றில் முடித்தால், வேகம் குறைந்ததால் 8 டெசிபல் மிச்சம், இரண்டாவது ஃபேனால் 3 டெசிபல் செலவு. நிகரமாக 5 டெசிபல் அமைதி. அதோடு, 900 சுற்றில் ஓடும் 120 மில்லிமீட்டர் ஃபேனின் சத்தம் தாழ்ந்த காற்றோசை. மேலே சுற்றும் காத்தாடியின் ஓசையோடு அது கரைந்துவிடும். கீச்சு எழும் இடத்துக்கே நாம் போகவில்லை.

வெப்ப நாட்டுக்காரர்களுக்கு இந்தக் கணக்கின் பலன் இன்னும் கூடுதல். குளிர்ந்த அறையில் இருப்பவர் ஒற்றைக் கோபுரத்தையே 900 சுற்றில் ஓட்ட முடியும். அவருக்கு இரட்டைக் கோபுரம் தேவைக்கு மிஞ்சியது என்று சோதனையாளர்கள் எழுதுவது அவர்கள் அறையில் உண்மை. நம் அறையில் அந்த மிஞ்சிய உலோகம் மிஞ்சியதாக இருப்பதில்லை. பறிபோன 9 டிகிரியை அதுதான் ஈடுகட்டுகிறது.

இரட்டைக் கோபுரம் என்றால் நியாயமாக முதலில் பேச வேண்டியது நொக்டுவா என்.எச்-டி15. 2014இல் வந்த ஆஸ்திரியக் கூலர், ஆறு குழாய்கள், 140 மில்லிமீட்டர் வகை ஃபேன் இரண்டு, எடை 1320 கிராம். பத்து ஆண்டுகள் மற்றவர்கள் தங்களை ஒப்பிட்டுக்கொண்ட கூலர் அது. 2024இல்தான் எட்டுக் குழாய்களோடு அதன் இரண்டாம் தலைமுறை வந்தது. அதன் ஃபேன்களைப் பற்றி நான் குறையாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஒலியின் தரத்தில் இன்றும் எனக்கு அதுதான் முதலிடம்: தாங்கி உரசும் சத்தமோ மோட்டார் முனகலோ கேட்காது. ஆறு வருட உத்தரவாதம். புதிய வகை மதர்போர்டு வந்தால் ரசீதைக் காட்டியதும் பொருத்தும் உலோகச் சட்டத்தை இலவசமாக அனுப்பிவைக்கும் பழக்கம் வேறு. பொருளை விற்ற பிறகும் கூடவே நிற்கும் நிறுவனங்கள் குறைந்துவிட்ட காலத்தில் அதற்கு மரியாதை தர வேண்டும்.

எதிர்த்தட்டில் தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ. தைவான் நிறுவனம், 2022இல் வந்த மாதிரி. ஆறு குழாய்கள், 1550 சுற்று வரை போகும் 120 மில்லிமீட்டர் ஃபேன் இரண்டு. அமெரிக்காவில் இதன் விலை 35 டாலரைச் சுற்றி; நொக்டுவா வெளிவந்தபோதே ஏறத்தாழ 100 டாலர், புதிய தலைமுறை 150. நம் ஊர்க் கணக்கிலும் அந்த விகிதம்தான். ஒன்றை வாங்கும் வெள்ளிக்கு மற்றது இரண்டு மூன்று வாங்கலாம். ஆனால் செயல்திறனில் அந்த விகிதம் இல்லை. பல சோதனைகளில் இரண்டுக்கும் இடையே சில டிகிரிதான் வித்தியாசம். 76 வாட், 120 வாட் ப்ராசசர்களில் அந்த வித்தியாசமும் கரைந்துவிடும். அதைவிட அதிகம் கக்கும் ப்ராசசரில்தான் நொக்டுவாவின் பெரிய உடம்பு தன்னை நிரூபிக்கும்.

தெர்மல்ரைட்டின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ஃபேனின் தரம் நொக்டுவாவுக்கு ஒரு படி கீழே. முழு வேகத்தில் இரண்டும் சேர்ந்து இரைவது நன்றாகவே கேட்கும். பொருத்தும் வழிகாட்டித் தாளைப் படித்துப் புரிந்துகொள்ளப் பொறுமை வேண்டும். வெளிநாட்டு விற்பனையாளரிடம் இணையத்தில் வாங்கினால் உத்தரவாதத்தை நம்பிப் பயனில்லை. 2024 ஜனவரி 1 முதல் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருள்களுக்கு 10 விழுக்காடு விற்பனை வரியும் சேரும். இத்தனையையும் தட்டில் வைத்த பிறகும் அது தாழவில்லை. அதில் கெட்டுப்போகக்கூடியது ஃபேன் மட்டும். 120 மில்லிமீட்டர் ஃபேன் எந்தக் கம்ப்யூட்டர் கடையிலும் கிடைக்கும். கம்பிக் கொக்கியைக் கழற்றி மாட்டினால் வேலை முடிந்தது. ஃபேனை 900 சுற்றில் பூட்டி வைத்து ஓட்டுபவருக்கு முழு வேக இரைச்சல் கேட்கவே போவதில்லை.

இன்னொரு விஷயம் பல வீடுகளில் இந்தப் போட்டியை ஓர் அளவுகோலால் முடித்துவைத்துவிடும். என்.எச்-டி15இன் உயரம் 165 மில்லிமீட்டர். பியர்லெஸ் அசாசின் 155. நம்மவர்கள் வாங்கும் விலை குறைந்த கேசிங்குகளில் பல 160க்கு மேல் இடம் தருவதில்லை. பக்கக் கண்ணாடி மூடாமல் கடைக்குத் திரும்பிப் போவதைவிட, கேசிங்கின் விவரத்தாளில் அந்த ஒரு எண்ணைப் பார்த்துவிட்டுப் புறப்படுவது நல்லது. முன்பக்கமும் முழுக் கண்ணாடியாக இருக்கும் கேசிங்கில் எந்தக் கூலரை வைத்தாலும் பலன் குறைவுதான், ஏனென்றால் உள்ளே வந்து சேரும் காற்று அறைக் காற்றைவிடச் சூடாகிவிடுகிறது. முகப்பில் வலை உள்ள கேசிங் அழகில் கொஞ்சம் குறைவாகத் தெரியலாம். நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

தண்ணீர்க் கூலர் வேண்டும் என்று கேட்பவர்கள் அதிகம். வண்ண விளக்கும் கண்ணாடியும் சேர்ந்தால் பார்க்க நன்றாக இருப்பதும் உண்மை. அதன் பக்கத்திலிருந்தும் பார்த்தேன். தண்ணீருக்கு வெப்பத்தை உள்வாங்கும் கொள்ளளவு அதிகம். ப்ராசசர் ஒரு நொடி தாவினாலும் தண்ணீர் உடனே சூடாகாது, அதனால் தண்ணீரின் வெப்பத்தைப் பார்த்து ஓடும்படி அமைத்தால் ஃபேன் ஏறி இறங்காது. நான் மேலே புகார் சொன்ன உறுமலுக்கு இது நல்ல மருந்து. 253 வாட் வரை இழுக்கும் கோர் ஐ9-14900கே போன்ற ப்ராசசரை முழு வேகத்தில் ஓட்டியே தீர வேண்டியவருக்கு, குறிப்பாக நம் வெப்பத்தில், 360 மில்லிமீட்டர் ரேடியேட்டரைத் தவிர ஒழுங்கான வழி இல்லை. ஆனால் தண்ணீரும் கடைசியில் அதே 31 டிகிரிக் காற்றில்தான் வெப்பத்தை விட வேண்டும். அது குளிர்பதனப் பெட்டி ஆகிவிடாது. பம்பு ஓய்வதே இல்லை. கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போதும் அதன் ரீங்காரம் இருக்கும், அதுவும் காத்தாடி மறைக்காத வகை ரீங்காரம். குழாய்ச் சுவர் வழியே தண்ணீர் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து ஆவியாகும். பம்பு நின்றால் முழுப் பொருளையும் தூக்கிப்போட வேண்டும். ஒரு பகல் வேலை கெட்டால் வருமானம் கெடும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. மாத வருமானத்தை எண்ணிச் செலவழிக்கும் வீட்டில், 76 வாட் ப்ராசசருக்காகத் தண்ணீர்க் கூலர் வாங்குவதை நான் முற்றாக எதிர்க்கிறேன்.

ஃபேனே இல்லாத கூலரும் உண்டு: 2021இல் வந்த நொக்டுவா என்.எச்-பி1. நல்ல பொறியியல். குறைந்த வெப்பம் கக்கும் ப்ராசசரோடும் நன்றாகத் திறந்த கேசிங்கோடும் அது அருமை. வீடியோ எடிட்டிங்குக்கு இந்த ஊர் அறையில் அதை வைக்க முடியாது.

தூசியைப் பற்றி மதிப்புரைகள் பேசுவதில்லை. புதிதாகப் பெட்டி பிரித்த கூலரைத்தான் அவர்கள் சோதிக்கிறார்கள். அக்கா மகன் கம்ப்யூட்டரின் பழைய ஃபேனைக் கழற்றியபோது அலுமினியத் தகடுகளின் வாயில் பழுப்பு நிறத்தில் ஒரு படலம் அடைத்திருந்தது. விரலால் தொட்டால் உதிரவில்லை, ஒட்டியது. சாலைத் தூசியோடு தாளிப்பின் எண்ணெய்ப் புகையும் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும் ஊதுபத்திக் கரியும் சேர்ந்து படிந்தது அது. புகைமூட்டம் வரும் ஆண்டுகளில், 2015இலும் 2019இலும் வந்தது போல, இன்னும் விரைவாகப் படியும். வெறும் காற்றை ஊதினால் போகாது. ஃபேனைத் தனியாகக் கழற்றி இறக்கைகளைக் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் துடைக்க வேண்டும், தகடுகளுக்குக் காய்ந்த பெயின்ட் பிரஷ் போதும். இங்கேயும் கோபுரக் கூலர்தான் ஜெயிக்கிறது: கம்பிக் கொக்கிகளை விடுவித்தால் ஃபேன் கையோடு வரும், கூலரை ப்ராசசரிலிருந்து எடுக்கத் தேவையில்லை. கூடவே வரும் கூலர்களில் ஃபேனைப் பிரிப்பதே பெரும்பாடு. மெதுவாகச் சுற்றும் ஃபேன் இழுக்கும் காற்று குறைவு என்பதால் படியும் தூசியும் குறைவு.

கூலரை மாற்றும்போது ஒரு எச்சரிக்கை, ஏஎம்4 ரைசன் வைத்திருப்பவர்களுக்கு. அந்த ப்ராசசரின் அடியில் ஊசி ஊசியாகக் கால்கள். பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்து இறுகியிருக்கும். கூலரை நேராகத் தூக்கினால் ப்ராசசரும் பூட்டிய குழியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், கால்கள் வளையும். முதலில் கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் வேலை வாங்கிச் சூடாக்க வேண்டும். அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, திருகுகளைத் தளர்த்தி, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருக வேண்டும். பேஸ்ட் வழுக்கிக்கொடுக்கும் கணம் கைக்குத் தெரியும். அப்புறம்தான் தூக்க வேண்டும்.

எல்லாவற்றையும் எடைபோட்டுப் பார்க்கும்போது எனக்கு உறுதியாகத் தெரிவது, கூலரைத் தேர்வது ப்ராசசரைத் தேரும்போதே பாதி முடிந்துவிடுகிறது என்பது. இந்த நாடு ப்ராசசர்களுக்குப் புதியதில்லை. இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை 1972இல் பினாங்கில் திறந்தது, பல ப்ராசசர்களின் உலோக மூடியில் இன்றும் நம் நாட்டுப் பெயரைப் பார்க்கலாம். ஆனால் அவை புறப்படும்போது வைத்திருக்கும் மின்சார வரம்புகள் போட்டிக்காக வைக்கப்பட்டவை, நம் படுக்கையறைக்காக வைக்கப்பட்டவை அல்ல. ரைசன் 7 7700எக்ஸ் 142 வாட் வரை இழுக்கும். பயாஸில் ஈகோ மோட் என்ற அமைப்பால் அதை 88 வாட்டுக்குள் கட்டினால் பல வேலைகளில் வேக இழப்பு பத்து விழுக்காட்டுக்கும் குறைவு. ஒன்பது நிமிடத்தில் முடியும் வேலை பத்து நிமிடம் ஆகும். இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போகிறவருக்கு அந்த ஒரு நிமிடத்தால் ஒன்றும் ஆகிவிடாது. இன்டெல்லிலும் நீண்ட நேர வாட் வரம்பை அதேபோல் இறக்கலாம். ஏர்கோன் வைத்திருக்கும் வீட்டுக்கு இதில் இரட்டை லாபம்: 1 குதிரைத்திறன் ஏர்கோன் வெளியேற்றுவது ஏறத்தாழ 2600 வாட் வெப்பம், 300 வாட் கம்ப்யூட்டர் அதில் ஒன்பதில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது.

ஆகவே என் தீர்ப்பு பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ பக்கம், ஒரு நிபந்தனையோடு. அதைப் பொருத்திவிட்டு மதர்போர்டின் தானியங்கி அமைப்பிலேயே விட்டால் அதன் பாதிப் பலன் வீணாகிவிடும். பயாஸில் 70 டிகிரி வரை ஃபேன் வேகத்தை ஒரே கோடாக, 800 சுற்றில் வைக்க வேண்டும். 80 டிகிரியில் 1000. அதற்கு மேலேதான் ஏற்றம், அதுவும் பாதுகாப்புக்காக. வெப்பம் ஏறிச் சில நொடி கழித்தே ஃபேன் எதிர்வினை காட்டும்படி தாமதத்தையும் கூட்ட வேண்டும். அதோடு உறுமல் நின்றுவிடும். விளையாட்டும் எடிட்டிங்கும் இல்லாத வீட்டுக்கு ஒற்றைக் கோபுரம் போதும், இரட்டையை வாங்கி வெள்ளியை வீணாக்க வேண்டாம். 140 வாட்டுக்கு மேல் தொடர்ந்து இழுக்கும் ப்ராசசரைக் கட்டுப்படுத்த மனமில்லாதவர், உயரம் இடம்கொடுக்கும் கேசிங் உள்ளவர், பத்து வருடம் அதே கூலரை அடுத்தடுத்த மதர்போர்டுகளுக்கு மாற்றி வைத்துக்கொள்ள நினைப்பவர், இவர்கள் நொக்டுவா வாங்கட்டும். அந்தப் பணம் அவர்களுக்கு வீணாகாது.

அக்கா மகன் நொக்டுவாவுக்கு என்று ஒதுக்கியிருந்த தொகையில் தெர்மல்ரைட்டை வாங்கிய பிறகு பாதிக்கு மேல் மிஞ்சியது. அதில் முன்பக்க வலைக்குப் பின்னால் வைக்க 140 மில்லிமீட்டர் ஃபேன் இரண்டும், ஒரு குழல் தெர்மல் பேஸ்ட்டும், கழற்றிக் கழுவக்கூடிய தூசி வலை ஒன்றும் வாங்கச் சொன்னேன்.